வெங்காயக் கை

கொடிமேட்டில் கண்ணீர் தானாகக் காய்வதை நிறுத்திக்கொண்ட அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில், அதை முதன்முதலில் கண்டுபிடித்தவள் வெங்காயக் கொட்டகை மேஸ்திரி நாச்சம்மாள்தான், ஆனால் அவள் அதை ஊருக்கும் சொல்லவில்லை, கட்டின புருசனுக்கும் சொல்லவில்லை, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிக்கு மட்டும் காட்டினாள். இடது கன்னத்தில், கண்ணுக்கு ரெண்டு விரற்கடை கீழே, வெந்த ஜவ்வரிசி மாதிரி ஒரு துளி நின்றுகொண்டிருந்தது. புறங்கையால் துடைத்தாள்; கொஞ்சம் நகர்ந்து கொடுத்துவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. முந்தானையால் ஒற்றினாள், முந்தானை நனையவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை மூஞ்சியில் அடித்துக் கழுவினாள். தண்ணீரெல்லாம் வழிந்து போயிற்று, துளி அங்கேயே இருந்தது. "சரி, கெட" என்று அதனிடம் சொல்லிவிட்டு, மினிபஸ் கண்டக்டரான தன் புருசன் சடையப்பனின் பையிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து அதன் மேல் ஒட்டிக்கொண்டு, வேலைக்கு நேரமாச்சு என்று கிளம்பிப் போனாள்.

அவள் அழுத காரணத்தையும் சொல்லிவிடலாம், மறைத்து என்ன ஆகப்போகிறது. அவளுடைய தங்கச்சி பூங்கொடிக்கு முந்தின நாள் பெண் குழந்தை பிறந்திருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது யாரும் சொல்லித் தரவேண்டியதில்லாத வழக்கம். ஆத்தா செத்தபோது பூங்கொடிக்கு ஆறு வயசு. அன்றிலிருந்து தலைசீவி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தவள் நாச்சம்மாள், ஆகவே பூங்கொடிக்குத் தாய்வீடு என்றால் அது நாச்சம்மாள் வீடுதான், வேறே வீடு கிடையாது. அந்த வீட்டில் தொட்டில் கட்டவில்லை, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துக் காயம் இடிக்கவில்லை, ஒரு வெந்நீர்கூட வைக்கவில்லை, குழந்தை பாட்டுக்குப் பிறந்துவிட்டது, சேதியும் தெருக்குழாயில் யாரோ யாரிடமோ பேசியதில்தான் காதில் விழுந்தது. அழாமல் என்ன செய்வாள்.

கொட்டகைக்குள் போனால் அழுகை ஒரு பிரச்சினையே இல்லை. இருபத்திரண்டு பெண்கள் விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சின்ன வெங்காயம் உரிக்கிற இடம் அது, இருபத்திரண்டு பேருக்கும் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டே இருக்கும், யாரும் யாரையும் ஏன் என்று கேட்டதில்லை. ஒரு குவியலுக்கு ரெண்டு பேர், எதிரும் புதிருமாக, முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்து உரிப்பார்கள். ஒரே ஒரு சட்டம்தான்: உரிக்கிற கை கண்ணுக்குப் போகக் கூடாது. தன் கண்ணுக்கும் போகக் கூடாது, அடுத்தவள் கண்ணுக்கு அறவே கூடாது. முழங்கை இருக்கிறது, தோள் இருக்கிறது, அதில் தேய்த்துக்கொள். "நாச்சம்மாளை அழ வைக்க வெங்காயத்தால மட்டுந்தான் முடியும்" என்று ஊருக்குள் ஒரு பேச்சு உண்டு, அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

பதினோரு வருசமாக அவளுக்கு எதிரே உட்காருகிறவள் அந்தோணியம்மாள். ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள், ஒருத்தி காய்ச்சலில் படுத்தால் அடுத்தவள் ரெண்டு பங்கு உரிப்பாள், மாரியம்மன் திருவிழாவுக்கு இவள் அவளுக்கு வளையல் வாங்கினால் அந்தோணியார் திருவிழாவுக்கு அவள் இவளுக்குப் பொரி வாங்குவாள். அந்த அந்தோணியம்மாளின் தம்பி அருள், செல்போன் ரிப்பேர் கடைக்காரன், ஒன்றரை வருசத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை பதிவு அலுவலகத்தில் பூங்கொடியைக் கலியாணம் செய்துகொண்டான். நாச்சம்மாளுக்குப் பையன் மேல்கூட அத்தனை கோபமில்லை. "உனக்கு முன்கூட்டியே தெரியுமாடி?" என்று அந்தோணியம்மாளைக் கேட்டாள். "தெரியும்" என்றாள் அவள், பொய் சொல்லத் தெரியாத முட்டாள். "நாலு மாசமாத் தெரியும். தம்பி சத்தியம் வாங்கிட்டான், நாச்சா."

நாலு மாசம்! முட்டி இடிக்க உட்கார்ந்துகொண்டு நாலு மாசம்! நாச்சம்மாள் எழுந்து நின்று, உரிக்கிற கத்தியைத் தலைக்கு மேலே தூக்கி, இருபத்தொரு பேர் சாட்சியாகச் சத்தியம் செய்தாள்: "பூங்கொடி மூஞ்சியில நான் முழிச்சா, அன்னையிலேருந்து இந்தக் கத்தியத் தொட மாட்டேன்." மேஸ்திரி வேலை அந்தக் கத்தியில் இருந்தது, கத்தி அவள் வாக்கில் இருந்தது, வாக்கு கொட்டகைக் கூரைக்குக் கீழே இருபத்தொரு காதுகளில் இருந்தது. அதற்குப் பிறகும் ரெண்டு பேரும் இடம் மாறி உட்காரவில்லை, ஏனென்றால் யார் முதலில் எழுந்து போகிறாளோ அவள் தோற்றவள். ஒன்றரை வருசம் ஒரே குவியலில் கைபோட்டுக்கொண்டு, ஒரு சொல் பேசாமல், ரெண்டு பேரும் கண்ணீர் விட்டார்கள், ரெண்டு பேருமே எதிரில் இருக்கிறவளுக்கு வெங்காயம் எரிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

சரி, ஊருக்கு வருவோம். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் தபால்காரர் கன்னத்தில் ஒரு கண்ணீர் மணி, பேங்க் மேனேஜர் கன்னத்தில் மூன்று மணி, பரோட்டா மாஸ்டர் மூக்கோரம் ஒரு மணி என்று ஆளாளுக்கு நின்றது. வெங்காயத்துக்கு வந்த தண்ணீர் காய்ந்தது, அடுப்புப் புகைக்கு வந்தது காய்ந்தது, மனசுக்குள்ளிருந்து வந்தது மட்டும் மணியாக நின்றது. சாயங்காலம் நாலு மணி வண்டியில் ஒரு கைக்குழந்தைக்காரி சும்மா இருக்கமாட்டாமல் பக்கத்து சீட்டுக் கிழவர் கன்னத்தைத் தொட்டாள், மணி தண்ணீராகி அவள் விரலில் வழிந்து போய்விட்டது. அவ்வளவுதான், விஷயம் விளங்கிப் போயிற்று: தன் கண்ணீரைத் தான் துடைக்க முடியாது, பிறத்தியார் கை வேண்டும். சடையப்பன் அடுத்த நடையிலிருந்தே, "டிக்கெட் எடுத்தாச்சா, துடைச்சாச்சா" என்று கேட்டுக்கொண்டே வர ஆரம்பித்தான்.

யாரும் பெரிசாக அதிசயப்படவில்லை. போன வருசம் மழை பெய்யவில்லை, இந்த வருசம் கண்ணீர் காயவில்லை, ஏதோ ஒன்று நடக்கத்தானே செய்யும். டீக்கடையில் ஒருத்தர் டீயைக் கையில் வாங்குமுன் பக்கத்து ஆளுக்குக் கன்னத்தைக் காட்டுவது வழக்கமாயிற்று. பெண்டாட்டியோடு சண்டை போட்டவன், அவள் மணியோடு தண்ணிக்குப் போவதற்குள் துடைத்துவிடவேண்டுமே என்று வாசல்வரை பின்னாலேயே ஓடினான். கூட்டுறவுச் சங்கத் தலைவர் ஒரு துக்க வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், அழுத தண்ணீரெல்லாம் மின்விசிறிக் காற்றில் காய்ந்து கன்னம் மொட்டையாகிப்போக, அடுத்த தேர்தலில் நிற்கவில்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஒத்தைக்கட்டையாக வாழ்ந்த கணக்கு வாத்தியார் கன்னத்தில் ஒன்பது மணியோடு பால் வாங்க வந்தார், பால்காரம்மாள் ஒன்றும் கேட்காமல் ஒன்பதையும் வழித்துவிட்டு, "நாளைக்கும் வாங்க சார், பால் வேணுமின்னாலும் வேணாமின்னாலும்" என்றாள்.

நாச்சம்மாள் மட்டும் கன்னத்தை யாருக்கும் காட்டவில்லை. முதலில் குளவி கொட்டிவிட்டது என்றாள். மணிகள் நாளுக்கொன்றாகக் கூடக் கூட பிளாஸ்திரியும் பெரிசாக, பல்வீக்கம் என்றாள். பிறகு பஞ்சு வைத்துக் கன்னம் பூராவும் ஒட்டவேண்டி வந்தபோது அக்கி என்றாள், உடனே ரெண்டு பேர் காவி பூசிப் படம் எழுதுகிற குயவரைக் கூட்டிவரக் கிளம்ப, அவர்களைத் திட்டித் திருப்பினாள். வீட்டில் சடையப்பன் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கையை நீட்டினான். "தொட்டே, கைய ஒடிச்சிருவேன்" என்றாள். அவன் கையை மடக்கிக்கொண்டு, "கொழந்த உன் ஜாடைங்கிறாங்க" என்றான் சுவரைப் பார்த்து. மினிபஸ் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறது, தினமும் அந்த வீட்டு வாசலில் மட்டும் வண்டிக்கு ஏதோ பழுது வந்து அஞ்சு நிமிசம் நிற்கிறது என்று ஊருக்கே தெரியும்.

அந்தோணியம்மாளோ ஒன்றையும் மறைக்கவில்லை. முதல் வாரமே மூன்று மணிகளோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். பக்கத்துக் குவியல்காரி முழங்கையை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம்டி. இதைத் துடைக்க வேண்டிய கை எதுத்தாப்லதான் ஒக்காந்திருக்கு. வரும்போது வரட்டும்." நாச்சம்மாள் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருசம் வெங்காயம் என்று நினைத்தது வெங்காயமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் அன்று வழக்கத்தைவிட வேகமாக உரித்தாள்.

அஞ்சாவது வாரம் ஒரு கண் டாக்டரம்மா வந்தார், பெயர் சுகந்தி, சின்ன வயசு. பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டு, கண்ணிமைக்குள் மெல்லிசான காகிதத் துண்டை மாட்டிப் பார்த்தார், மணியைக் கண்ணாடிச் சில்லில் வழித்துப் பார்த்தார், ஒன்றும் பிடிபடாமல் கடைசியில் டீ குடித்தார். கொட்டகைப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கண்ணீர்ல மூணு தினுசு இருக்கும்மா" என்றார் டாக்டர். "கண்ணை ஈரமா வெச்சிக்க ஒண்ணு. தூசிக்கும் வெங்காயத்துக்கும் ஒண்ணு. மனசுக்கு ஒண்ணு. இந்த மூணாவதுல புரதம் கூடங்கிறாங்க. கொஞ்சம் கெட்டி, அதனால கன்னத்துல மெதுவா எறங்குமாம். சட்டுனு ஓடிட்டா யாரு பாக்கிறது?"

"எங்க மாடுகூட அழும்" என்றாள் ஒருத்தி.

"மாட்டுக்குக் கண்ணுல தண்ணி வரும். மனசுக்காகக் கண்ணீர் விடுறது மனுசன் மட்டுந்தான்னு சொல்றாங்க."

"எதுக்குத்தான் வருது அது? அழுதா சோறா வேகப்போகுது?" இது நாச்சம்மாள், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

"முடிவா யாருக்கும் தெரியாது. ஒரு ஊகம் சொல்றேன்" என்று டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆதியில காட்டுல இருந்தோமில்ல, சத்தம் போட்டு அழுதா ஆத்தாளுக்கும் கேக்கும், புலிக்கும் கேக்கும். கண்ணீர் சத்தம் போடாது. பக்கத்துல, மூஞ்சியப் பாத்து ஒக்காந்திருக்கிறவங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அழுறப்ப கண்ணு மங்கிடுது பாருங்க, அந்த நேரம் நாம யாரையும் அடிக்கவும் முடியாது. எதிராளிக்கும் அது தெரியும்."

"அப்ப அழுதா தோத்துட்டோம்னு அர்த்தம்."

"பக்கத்துல வாங்கன்னு அர்த்தம்மா" என்ற டாக்டர், அவள் கன்னத்தைப் பார்த்தார். "அதென்ன கட்டு?"

"அக்கி."

"அக்கிக்குப் பிளாஸ்திரி ஒட்டக் கூடாதே?"

"எங்கூர் அக்கி அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு நாச்சம்மாள் கிளம்பிவிட்டாள். ஆனால் டாக்டர் கடைசியாகச் சொன்னதையும் காதில் வாங்கிக்கொண்டுதான் போனாள்: பிறந்த குழந்தை வெறும் சத்தம்தான் போடும், கண்ணீர் வராது, முதல் துளி வர ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆகும்.

ஊருக்கு அது போதாதா? அதே வாரம் மண்டிக்காரர் வீட்டுக் குழந்தைக்கு முதல் துளி நின்றது, குழந்தையின் தாய்வீட்டுக்காரர்கள் வந்து துடைத்தார்கள், வந்ததுதான் வந்தோமே என்று வாழைப்பழமும் வெற்றிலையும் கொண்டுவந்தார்கள். அடுத்த குழந்தைக்குத் தாம்பாளம் ஏழானது, அதற்கடுத்ததற்குப் போட்டோக்காரர் வந்தார். மூன்றே வாரத்தில் 'முதல் துளி' ஆதிகாலத்துச் சடங்காகிவிட்டது, தாய்வீட்டுக் கைதான் துடைக்க வேண்டும், வேறு கை பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று, நாற்பது வயசுகூட ஆகாத ஆட்களெல்லாம், "எங்க பாட்டன் காலத்துலயே இப்படித்தான்" என்று அடித்துச் சொன்னார்கள்.

ஆக, ஐம்பத்திரண்டாம் நாள் பூங்கொடியின் குழந்தைக்கு வலது கன்னத்தில் ஒரு மணி நின்றபோது, அந்தத் தெருவில் ஒருத்தரும் கையை நீட்டவில்லை. ஒருநாள் நின்றது, ரெண்டு நாள் நின்றது. பால் குடிக்கும்போதும் நின்றது, தூங்கும்போதும் நின்றது. "பச்சப் புள்ள என்ன பாவம் செஞ்சிது, நானே துடைக்கிறேன்" என்று அருள் எழுந்தான், ஆனால் பூங்கொடி விடவில்லை. "எங்கக்கா இருக்கா" என்றாள். அதைச் சடையப்பன் வந்து சொன்னபோது நாச்சம்மாள் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், மோர் தட்டு தாண்டித் தரைக்கு வந்தது. "போனா கத்தியத் தொடக் கூடாது. வாக்குன்னா வாக்கு" என்றாள். பஞ்சுக்கு அடியில் அன்றைக்கு மட்டும் நாலு மணி கூடிற்று.

மூன்றாம் நாள், முன்மத்தியானம், கொட்டகை வாசலில் மினிபஸ் பழுதாகி நின்றது. உள்ளே லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், தடதடவென்று சத்தம். பூங்கொடி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சருகுக் குவியல்களுக்கு நடுவே நடந்துவந்தாள். அந்தோணியம்மாள் பதினோரு வருசத்து இடத்தை விட்டு எழுந்தாள். யார் முதலில் எழுகிறாளோ அவள் தோற்றவள் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருந்தது, இருந்தும் எழுந்தாள், எழுந்து தன் பலகையைப் பூங்கொடிக்குத் தள்ளிவிட்டாள். அக்காவும் தங்கச்சியும் முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் வெங்காயம்.

நாச்சம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. வெங்காயத்தை உரித்தாள், உரித்ததையே மறுபடி உரித்தாள். குழந்தை வீறிட்டு அழுதது, அந்தச் சத்தம் மூட்டைச் சத்தத்தில் கரைந்து போயிற்று.

"தங்கச்சி மூஞ்சியில முழிக்க மாட்டேன்னுதான சொன்னீங்க மேஸ்திரி" என்று ஓரத்துக் குவியலிலிருந்து ஒருத்தி மெதுவாக எடுத்துக் கொடுத்தாள். "புள்ள மூஞ்சியப் பத்தி ஒண்ணும் சொல்லலியே."

"ஆமா, நான் சாட்சி" என்றாள் இன்னொருத்தி.

நாச்சம்மாள் கண்ணை மடி வரைக்கும் தூக்கினாள். அங்கே தன் மூக்கு, தன் நெற்றி, தன் பிடிவாத உதடு எல்லாம் ஒரு முழத் துணிக்குள் கிடந்தது. அழுது களைத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டு அது அவளையே பார்த்தது. வலது கன்னத்தில் ஒரே ஒரு மணி. லாரிக்காரனுக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியாது, முட்டி இடிக்க உட்கார்ந்திருக்கிறவளுக்கு மட்டும் தெரிகிற சின்ன மணி.

கை தானாக நீண்டது, நீண்ட கை பாதியில் நின்றது. வெங்காயக் கை! விரலெல்லாம் சாறு, நகக்கண்ணெல்லாம் சாறு. முந்தானையைப் பார்த்தாள், சாறு. முழங்கையைப் பார்த்தாள், பதினோரு வருசச் சாறு. "புளி போட்டுத் தேய்ங்க", "மோர் ஊத்துங்க", "எண்ணெய் தடவினாப் போகும்" என்று ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். எது போட்டாலும் சாயங்காலம் வரைக்கும் போகாது என்று எல்லோருக்குமே தெரியும். குழந்தையின் உதடு பிதுங்கியது, அடுத்த துளி வரப்பார்த்தது.

நாச்சம்மாள் ஒரே இழுப்பில் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். அடேயப்பா! கண்ணிலிருந்து தாடை வரைக்கும் கம்பங்கதிர் மாதிரி மணி மணியாக, ஒரு தானியம் போட இடமில்லை. கொட்டகையில் இருபத்தொரு கத்திகளும் நின்றன. மூட்டை இறக்குகிறவர்கள்கூட நின்றுவிட்டார்கள். அந்தப் பஞ்சுக்கு அடியில் கிடந்த கன்னம் ஒன்றுதான் அவள் உடம்பில் வெங்காயம் படாத இடம். குனிந்து, அந்தக் கன்னத்தைக் குழந்தையின் கன்னத்தோடு சேர்த்து வைத்து அழுத்தினாள். பிள்ளையின் மணி இவள் கன்னத்தில் கரைந்தது, இவளுடைய மணி அத்தனையும் பிள்ளையின் கன்னத்தில் கரைந்தது, பூங்கொடியின் மடியெல்லாம் ஈரம். மேலேயிருந்து, கன்னத்தைத் தொடாமலே, சூடாக ஒரு துளி அவள் பிடரியில் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றரை வருசத்துக்குப் பிறகு தங்கச்சி முகம், இளைத்துப் போயிருந்தது.

"பெட்டியக் கட்டிட்டு இன்னைக்கே வீட்டுக்கு வா" என்றாள். "மூணு மாசம் இருந்து, ஒடம்பத் தேத்திக்கிட்டுப் போ. என்னடி இது, எலும்பும் தோலுமா? அந்த வீட்டுல சோறு போடுறாங்களா இல்லியா?"

"அக்கா" என்றாள் பூங்கொடி. அவள் கன்னத்தையும் தன் கன்னத்தால்தான் துடைத்தாள் நாச்சம்மாள். பிறகு கத்தியைப் பார்த்தாள். வாக்கு வாக்குதான். அதை எடுத்துச் சாக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்திருக்கப் போனவளின் கையில் ஒரு மரப்பிடி வந்து அழுந்தியது.

"இந்தக் கத்தியத் தொட மாட்டேன்னுதான சொன்னே?" என்றாள் அந்தோணியம்மாள். "இது என் கத்தி. உன் கத்திய நான் வெச்சிக்கிறேன். உக்காரு."

இருபது வாய்களும் சேர்ந்து, "சரிதான், சரிதான்" என்றன.

"எங்க வீட்டுல சோறு போடுறாங்களான்னு கேக்கிற? கேப்படி, கேப்ப" என்று சொல்லிக்கொண்டே அந்தோணியம்மாள் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். ஏழு வாரமாக நிற்கிற மூன்று மணிகளும் இடம் மாறாமல் அப்படியே இருந்தன. "எல்லாத்தையும் துடைச்சியே, என்னுது?"

நாச்சம்மாளின் கன்னம் காலியாகத்தான் இருந்தது, அதைக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சாறு சொட்டுகிற வலது கையை அகலமாக விரித்து, கண்ணிலிருந்து தாடை வரைக்கும் ஒரே இழுப்பாக வழித்துவிட்டாள்.

"அய்யோ, எரியுதுடி பாவி! கண்ணு போச்சு!"

"எரியட்டும். நாலு மாசம் தெரிஞ்சிக்கிட்டே எதுத்தாப்ல ஒக்காந்திருந்தியே, நல்லா எரியட்டும்!"

அந்தோணியம்மாளும் சும்மா விடவில்லை, தன் வெங்காயக் கையால் இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பேர் கண்ணிலும் கொட்டோ கொட்டென்று கொட்டியது, ரெண்டு பேரும் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் ஒருத்தி முகத்தை ஒருத்தி தேய்த்துவிட்டார்கள். அதில் வெங்காயத்துக்கு எவ்வளவு, மனசுக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"என்னங்கடா பார்வை?" என்று லாரிக்காரர்களைப் பார்த்துக் கத்தினாள் மேஸ்திரி நாச்சம்மாள், கண்ணைத் திறக்க முடியாமல். "மூட்டைய எறக்குங்க."